பாலர்க்கு உவமை பயிற்றிய நாவலர்

கடலூர் மாவட்டத்திலே, கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே, நெய்வேலி என்னும் நகரியம் உளது. கிணறு தோண்டிய இடத்திலே கரிய பொருளொன்று வெளிப்பட, அதுவே பழுப்பு நிலக்கரியென்று அறியப்பட்டது. அதனை அகழ்தற்கு 1956ஆம் ஆண்டிலே கம்பெனி அமைந்து, 1957ஆம் ஆண்டிலே முதற்சுரங்கம் தொடங்கப்பெற்றது. பல ஊரினின்றும் வந்து குடியேறியவர்களின் மக்கள் அந்நகரியத்துப் பள்ளிகளிலே ஒருங்கிருந்து தமிழ் கற்கின்றனர். அங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் வடலூர். வடலூரினின்றும் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சென்றால் சிதம்பரம். அச்சிதம்பரத்திலே 1864ஆம் ஆண்டு நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். அக்காலத்திலே நெய்வேலியில் நகரியமுமில்லை, சுரங்கமுமில்லை. எனினும், இந்நாளில் நெய்வேலியிலும் பிறவிடங்களிலும் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு உவமை முதலிய அணிமொழிகளைப் பயிற்றும் ஆசிரியர்க்கு நேரும் இடர் யாதோ, அவ்விடரே நாவலரவர்கள் முன்னும் நின்றது. அதனை அவர்கள் கடந்தவாற்றை அவர்கள் சரித்திரத்தோடு சேர்த்து ஈண்டு எழுதப் புகுந்தேம்.

அவ்விடர் யாதெனின், கூறுதும். ஆறேழு வயதுப் பிள்ளையொன்று பாவை வந்தாள் என்னுந் தொடரைக் கேட்டால், மரப்பாவை கால்பெற்று நடந்து வந்ததாகவே எண்ணும். ஊர் உறங்கிற்று என்றால், ஊர்க்குக் கண் எங்கேயென்று வினாவும். இது பிள்ளையின் குற்றமன்று. சொல்லைச் சொல்லாகவே கொள்ளுதல் இளம்பருவத்தின் இயல்பு. நாள் செல்லச் செல்ல அப்பிள்ளை இருவழிகளுள் ஒன்றிற் செல்லும். சொன்னவெல்லாம் சொன்னபடியே உண்மையென்று கொள்ளுதல் ஒருவழி; சொன்னவெல்லாம் கற்பனையென்று நகைத்துத் தள்ளுதல் மற்றொருவழி. முன்னது மூடபத்தியில் முடியும்; பின்னது நாத்திகத்தில் முடியும். உவமை இன்னதனளவே செல்லும், அதற்கப்பால் செல்லாது என்று வரையறுத்தறியும் அறிவு ஒன்றே இவ்விரண்டினின்றும் பிள்ளையைக் காக்கும். முப்பொருளியல்பை உவமை வாயிலாகவே பெரும்பாலும் விளக்குகின்ற நஞ்சித்தாந்தத்துக்கு இவ்வறிவு எத்துணை இன்றியமையாததென்பதை இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர்க்கு யாம் எடுத்துரைத்தல் மிகை.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கனிட்ட புத்திரராய்த் தோன்றினார்கள். தந்தையார் நாடகங்கள் இயற்றவல்ல புலவர். அவர் இரத்தினவல்லி விலாசம் என்னும் நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கையிற் காலஞ்சென்றாரென்றும், ஒன்பது வயதினராகிய புதல்வரே எஞ்சிய பகுதியைப் பாடி நிரப்பினரென்றும் சரித்திரம் எழுதினோர் கூறுவர். சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்தே எழுத்தறிந்து, பின்னர் சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் என்னும் இருவரிடத்தும் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார்கள்.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம் அன்பர்கள் அறிந்ததே. அரிச்சுவடி முடிந்தவுடன் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, நிகண்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நெட்டுருச் செய்விப்பர். பொருள் பின்னரே வரும். சிலருக்கு வரும், பலருக்கு வாராது. நினைவாற்றலை வளர்த்தற்கு அம்முறை பெரிதும் துணை செய்ததென்பதை மறுப்பாரிலர். நெட்டுருப் பண்ணிய செய்யுள் முதுமையிலும் கைவிளக்காய் உதவுமென்பதும் உண்மையே. ஆயினும், பொருளறியாது உருவேற்றிய உவமை, உள்ளீடில்லாத சிப்பி போன்றது. பிள்ளை அதனை வைத்து விளையாடலாம், முத்தெடுத்தல் இயலாது. நாவலரவர்கள் தாம் அம்முறையிலே வளர்ந்து தேறியவர்களாயினும், எல்லாப் பிள்ளைகளும் தம்மைப் போல்வாரல்லர் என்பதைப் பிற்காலத்திலே தாம் செய்த நூல்கள் வாயிலாகவே புலப்படுத்தினார்கள்.

ஆங்கிலங் கற்றற்பொருட்டு யாழ்ப்பாணத்திலிருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்து, அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்தார்கள். அதன் தலைவராகிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிலே மொழிபெயர்க்கத் தொடங்கியபோது, அவருக்குத் துணையாக நின்று அப்பெரும்பணியைச் செய்தவர்கள் நம் நாவலரவர்களே. அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டிலே அச்சாயிற்று. உவமைக் கதைகள் நிறைந்த அந்நூலை வரிவரியாகத் தமிழாக்கும் ஒருவர்க்கு, ஒரு சமயத்தார் தம் கொள்கையைச் சிறார் உள்ளத்தில் எவ்வாறு எளிய வசனத்தாலும் உவமையாலும் பதிக்கின்றனர் என்பது புலனாகாதிருக்குமா? மிஷன் பள்ளிகளிலே அச்சிட்ட பாடபுத்தகமும், வகுப்புப் பிரிவும், வினா விடையும் இருந்தன. சைவப்பிள்ளைகளுக்கோ ஏடும் நெட்டுருவுமேயன்றி வேறொன்றுமில்லை. இவ்வேறுபாடே நாவலரவர்கள் பின்னர்ச் செய்த தொண்டுகளுக்கெல்லாம் வித்தாயிற்றென்பது எம் கருத்து.

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் தேதி வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டாகிய 1848இல் பாதிரியார் பள்ளி உத்தியோகத்தை விடுத்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். அங்கே கல்வி பெறுவோர் பொருள் கொடுத்திலர். கற்பித்தற்கு ஏற்ற புத்தகம் இல்லாமையே முதற்குறையாயிற்று. அக்குறையைத் தீர்த்தற்கு அச்சியந்திரம் வேண்டுமென்று கருதி 1849ஆம் ஆண்டிலே தமிழ்நாடு போந்தார்கள். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திலே, அம்பலவாண தேசிகர் திருமுன்னர்ப் பிரசங்கஞ் செய்து, நாவலர் என்னும் பட்டம் பெற்றார்கள். சென்னையிலே அச்சியந்திரம் வாங்கி யாழ்ப்பாணம் மீண்டார்கள். வித்தியாநுபாலன யந்திரசாலை என்பது அவ்வச்சுக்கூடத்தின் பெயர். இப்பட்டமும் அச்சியந்திரமும் ஒரே யாத்திரையிற் கிடைத்தமை நினைக்கத் தக்கது. ஒன்று மடத்துப் புலமையின் முத்திரை. மற்றொன்று திண்ணையிலிருந்த பிள்ளைக்கு உரிய கருவி.

அச்சுக்கூடம் வந்தபின்னர்ப் பாலபாடங்கள் வெளிவந்தன. அவற்றை இக்காலத்தார் ஒழுக்கநூலாகவே பெரும்பாலும் போற்றுகின்றனர். பயிற்றுமுறை நோக்கி ஆராய்வோர் சிலரே. எழுத்திலே தொடங்கி, சொல்லிலே சென்று, சிறுவாக்கியத்தை அடைந்து, நான்காம் பாலபாடத்திலே கடவுள், ஆன்மா, கல்வி முதலிய பொருள்களைப் பற்றிய நெடிய வசனங்களாக அவை விரிகின்றன. சந்தி விகாரங்களை வேண்டுமளவு பிரித்தும், நிறுத்தற்குறிகளை இட்டும், இளையோர் கண் தடுமாறாது செல்லுமாறு வசனத்தை அமைத்தார்கள். இவ்விரண்டும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். உவமை பயிற்றுவோர்க்கு இவையே அடிப்படை. வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென்று தெரியாத பிள்ளைக்கு, உவமை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றதென்பது எவ்வாறு தெரியும்? நேராகச் சொல்லப்பட்ட பொருளை நேராக உணரப் பழகிய பின்னரே, சுற்றிச் சொல்லப்பட்ட பொருளை உணர்தல் கூடும். பாலபாடத்து வசனம் வறண்டதென்று குறை கூறுவோர் இம்முறைமையை நோக்கினாரல்லர்.

வசனத்தை அடுத்துச் செய்யுள். வாக்குண்டாம், நல்வழி, நன்னெறி முதலிய நீதிநூல்களுக்கு நாவலரவர்கள் எழுதிய உரைகள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சிறார் கையில் வழங்கின. பிள்ளைக்கு உவமை பயிற்றுதற்கு இவற்றினுஞ் சிறந்த நூல் வேறில்லை. மூதுரை எனவும் பெயர்பெற்ற வாக்குண்டாம் முப்பது வெண்பாக்களையுடையது. நல்லவர்க்குச் செய்த உதவி கல்லிற் பொறித்த எழுத்தாய் நிற்றலும், ஈரமில்லாதவர்க்குச் செய்த உதவி நீரில் எழுதிய எழுத்தாய் மறைதலும் அதனுட் கூறப்பட்டன. கல்லும் நீரும் பிள்ளை நாளும் காணும் பொருள்கள். விரலால் நீரில் எழுதிப் பாராத பிள்ளை உண்டோ? காணாத பொருளைக் கண்ட பொருளால் விளக்குதல் என்னும் உவமையின் தொழில் ஆங்கே இனிது விளங்குகின்றது.

நன்னெறியோ நாற்பது வெண்பாவாலாயது. துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் அருளியது. அச்சுவாமிகள் புதுச்சேரியை அடுத்த நல்லாற்றூரிலே அடக்கமானவர்களாதலின் இவ்வட்டாரத்தார்க்கு அணுக்கமானவர்கள். அந்நூலிலே பொருளொன்றும் உவமையொன்றுமாக இரண்டும் அருகருகே நிற்கும். வன்சொல்லால் மகிழாத உலகம் இன்சொல்லால் மகிழுமென்று கூறி, வெங்கதிரால் பொங்காத கடல் தண்கதிரால் பொங்குதலை ஒப்புக் காட்டும் செய்யுளை எடுத்துக்கொள்வோம். இதனைப் பயிற்றும் ஆசிரியர் நான்கு கூறுகளைப் பிள்ளையின் வாயினாலேயே வருவித்தல் வேண்டும். இன்சொல்லும் உலகமும் பொருள். தண்மதியும் கடலும் உவமை. குளிர்ச்சியால் பொங்குதல் பொதுத்தன்மை. உவமவுருபு வெளிப்பட்டு நிற்கின்றதோ மறைந்து நிற்கின்றதோ என்பது நான்காவது. இங்ஙனம் கூறுபடுத்தாமல், இது உவமையணி என்று பெயர் மாத்திரஞ் சொல்லி எழுதுவித்தல், மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி விழுங்கச் செய்தல் போலாம். இக்காலத்துத் தேர்வுகளிலே மலிந்துள்ளது இவ்வழக்கமே.

ஈண்டு ஒரு தடை எழலாம். விஞ்ஞானம் பயிலும் நெய்வேலிச் சிறுவன் ஒருவன், ஞாயிற்றின் ஈர்ப்பும் கடலேற்றத்துக்குக் காரணமன்றோ என்று வினாவுவானாயின் ஆசிரியர் யாது செய்வார்? வினா மெய்யே. திங்களின் ஈர்ப்பிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த அளவினதாக ஞாயிற்றின் ஈர்ப்பும் கடலேற்றத்துக்கு உதவுகின்றது. அச்சிறுவனை அதட்டி இருத்தும் ஆசிரியர் உவமையையுங் கெடுத்தார், சிறுவனையுங் கெடுத்தார். உவமை ஒருபுடை ஒப்புமையே என்பதைப் பிள்ளையுளத்தே பதித்தற்கு இதனினும் நல்ல தருணம் வாய்ப்பதரிது. புலவர் கொண்டது வெம்மையும் தண்மையுமாகிய இயல்பை, ஈர்ப்பின் அளவையன்று. கொண்ட கூற்றைக் கொண்டு, கொள்ளாத கூற்றை விடுத்தல் கற்பவன் கடன் என்று அச்சிறுவனுக்கே விளக்கலாம்.

நன்னெறியிலே நெல்லும் உமியும் உவமையாக வருமிடமொன்றுண்டு. பிரியாத நண்பர் இருவர் ஒருகால் பிரிந்து மீளக் கூடினும் பழைய உறுதி அமையாதென்பது பொருள். நெல்லினின்றும் உமி சிறிது விலகிப் பின் ஒட்டினாலும் திண்மை கெடுதல் உவமை. இதே நெல்லும் உமியும் நஞ்சித்தாந்த நூல்களிலே ஆன்மாவுக்கும் ஆணவமலத்துக்கும் உவமையாதலை அன்பர்கள் அறிவர். ஆங்கே உமி நீங்குதல் கேடு. ஈங்கே உமி நீங்குதல் பேறு. ஆங்கே இரண்டும் நட்பாளர்; ஈங்கே ஒன்று பகை. உவமைப்பொருள் ஒன்றாயிருக்கவும் பொதுத்தன்மை வேறாதலைச் சிறுவயதிலே நன்னெறி வாயிலாக உணர்ந்த மாணாக்கன், வளர்ந்து சித்தாந்த சாத்திரங்களைக் கேட்கும்போது மயங்கான். நீதிநூலுக்கு உரையெழுதுதல் பெரும்புலவர்க்குச் சிறுபணியென்று எண்ணுவார் உளராயின், அவர் இத்தொடர்பை எண்ணிப் பார்க்கக் கடவர்.

இலக்கணத்திலும் நாவலரவர்கள் இப்படிமுறையையே கொண்டார்கள். 1851ஆம் ஆண்டிலே, சிவஞான முனிவர் திருத்திய நன்னூல் விருத்தியுரையைப் புலவர்க்காக அச்சிட்டார்கள். மாணாக்கர்க்காக நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தார்கள். அதனினும் இளையோர்க்காக இலக்கணச்சுருக்கமும் இலக்கண வினாவிடையும் எழுதினார்கள். சூத்திரத்தை உருவேற்றி அல்லற்படாது, வசனத்தாலேயே இலக்கணம் உணரும் நெறி இவற்றால் பலர்க்கும் எளிதாயிற்று. ஆகுபெயர், உவமைத்தொகை, அன்மொழித்தொகை என்பவற்றைப் பிள்ளை அறிந்துகொள்ளுமிடம் இதுவே. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றற்கு ஆகி வருதலை உணர்ந்த பிள்ளை, பாவை வந்தாள் என்றால் பெண்ணொருத்தி வந்தாளென்று தெளியும். ஊர் உறங்கிற்று என்றால் ஊரிலுள்ளார் உறங்கினரென்று தெளியும். நெய்வேலி விளக்கேற்றுகின்றது என்றால், அங்குள்ள அனல் மின்னிலையங்களைத்தான் சொன்னாரென்று தானே உரைக்கும்.

மதிமுகம், முகமதி என்னும் இரண்டையும் அருகருகே வைத்துப் பயிற்றுதல் இன்னும் பயனுடைத்து. மதிமுகம் என்பதிலே மதி போலும் முகமென்று உவமவுருபு தொக்கு நின்றது; மதி வேறு, முகம் வேறு. முகமதி என்பதிலே முகமே மதியென்று இரண்டும் ஒன்றாக்கப்பட்டன, அது உருவகம். சொல்லின் வைப்பு மாறியவளவில் பொருளின் நிலையும் மாறிற்று. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இது விளையாட்டுப் போலத் தோன்றும். எனினும் குடாகாயம், மகாகாயம் முதலிய உவமைகளைக் கொண்டு உயிரும் இறையும் ஒன்றேயென முடிப்பாரோடு நம் ஆசாரியர் நிகழ்த்திய வாதம் முழுவதும், உவமையாக நின்றதனை உருவகமாக்கி, அவ்வுருவகத்தையே உண்மையாகக் கொள்ளலாமோ என்னும் ஒரு வினாவைச் சுற்றியே நிகழ்ந்ததென்று கூறின் மிகையாகாது.

இங்கே ஒரு குறையையும் மறையாது சொல்லல் வேண்டும். இலக்கணச்சுருக்கம் எழுத்து, சொல், தொடர்மொழி என்னும் மூன்றோடு அமைந்தது. அணியியலைப் பிள்ளைகட்கு ஏற்ற வசனமாக நாவலரவர்கள் அதனுட் சேர்த்தார்களில்லை. நன்னூலை அடியொற்றியமையால் அங்ஙனம் நின்றதென்பர். காரணம் எதுவாயினும், தண்டியலங்காரத்தின் எளிய சுருக்கமொன்று அவர்கள் கையால் வெளிவந்திருக்குமாயின், பின்வந்த பாடபுத்தகக்காரர் அணியிலக்கணத்தைப் பெயர்ப்பட்டியலாக ஆக்கியிரார் என்று யாம் பலகால் எண்ணியதுண்டு.

பெரியபுராணத்தை வசனமாக்கியதுபற்றியும் இவ்வாறு ஓராட்சேபம் உண்டு. சேக்கிழார் பெருமான் நாடும் நகரும் ஆறும் வயலும் வருணித்த இடங்களிலே பெருகிய உவமைகளும் உருவகங்களும் வசனத்திலே பெரும்பாலும் இல்லை. அடியார் செய்த செயலே நிற்கின்றது. இனிமை குன்றிற்றென்று வருந்துவோர் கூற்றில் உண்மையில்லாமலில்லை. ஆனால் செய்யுளைப் படித்தறியும் ஆற்றலில்லாத இளையோரும் பெண்டிரும் நாயன்மார் சரித்திரத்தை அறிந்தது அவ்வசனத்தாலேயன்றோ? கதை தெரிந்தபின் செய்யுளை நாடுவோர்க்கு உவமைகள் அங்கே காத்திருக்கின்றன. மேலும், செயலின் உட்பொருளை நாடுவோர்க்குச் சூசனம் என்னும் பெயரால் விளக்கங்களையும் அவர்களே எழுதிவைத்தார்கள். சரித்திரம் வேறு, அது குறிக்கும் பொருள் வேறு என்று பிரித்து வைத்தமையே ஒரு பயிற்றுமுறையாம்.

சமயக்கல்விக்காக எழுதிய சைவ வினாவிடை இரண்டு புத்தகங்களும் பாலபாடத்தின் உடன்பிறப்புக்கள். இரண்டாம் புத்தகத்தைக் கற்கும் மாணாக்கன், ஆணவம் ஆன்மாவோடு அநாதியே கலந்து நிற்றற்குச் செம்பிற் களிம்பு உவமையாதலைக் காண்பான். செம்பு பிறந்தபோதே களிம்பும் உடனுண்டு, இடையிலே வந்ததன்று. அவ்வளவே உவமை. செம்பு சடம், ஆன்மா சித்து. இவ்வேறுபாட்டை உடனே சொல்லாத ஆசிரியர், ஆன்மாவும் ஓருலோகம் போன்ற சடப்பொருளே என்னும் எண்ணத்தைப் பிள்ளையிடம் விதைத்தவராவர். உயர்ந்த பொருளே உவமையாதல் வேண்டுமென்பது தொல்காப்பியனார் விதி. உயிரையும் இறைவனையும் பற்றிப் பேசுமிடத்தோ அவற்றினும் உயர்ந்த பொருளை எங்கே தேடுவது? தாழ்ந்த பொருளைக் கொண்டு உயர்ந்ததனைக் காட்டும் இவ்விடத்திலேதான் ஒருபுடை ஒப்புமை என்னும் எச்சரிக்கை மிகமிக வேண்டப்படுகின்றது.

கொற்றவன்குடி உமாபதிசிவாசாரியர் சிவப்பிரகாசத்திலே இதனை நமக்குச் செய்தே காட்டினார். இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லவந்தவர், பொன்னும் அணியும், இருளும் ஒளியும், சொல்லும் பொருளும் என்று பிறர் கொண்ட மூன்று உவமைகளையும் ஒதுக்கினார். முதலாவது ஒன்றென்னும் கருத்தைத் தரும். இரண்டாவது முற்றிலும் வேறென்னும் கருத்தைத் தரும். மூன்றாவது வேறும் ஒன்றுமென்னும் கருத்தைத் தரும். அவற்றுக்கு மாறாக உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், அறிவும் ஒளியும் என்பவற்றைக் கொண்டார். சித்தாந்த அத்துவிதத்தை உணர்தல், தக்க உவமையைத் தேர்ந்து தகாத உவமையைத் தள்ளும் பயிற்சியாகவே அங்கே அமைந்தது. தில்லையின் எல்லையிலே அவர் செய்த அவ்வாராய்ச்சிக்கு வேண்டும் முதற்படியைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதே தில்லையில் நாவலரவர்கள் பாலர்க்காக அமைத்தார்கள்.

நெய்வேலி ஆசிரியர் விரும்பின், தம்மூர்ப் பொருளையே எடுத்துக்கொள்ளலாம். பண்டைக்காலத்து மரஞ்செடிகள் மண்ணுட் புதைந்து மாறிய பழுப்பு நிலக்கரியை அங்கே பிள்ளைகள் அறிவர். தோண்டியெடுத்தபோது அதன் நிறையிலே ஏறக்குறையப் பாதி நீராகவே இருக்கும். ஈரமும் கருமையும் உடைய அப்பொருளினுள்ளே நெருப்பு அடங்கியிருக்கின்றது. ஆணவத்தான் மறைப்புண்ட ஆன்மாவினுள்ளே அறிவு அடங்கியிருத்தற்கு இது நல்லுவமையாம். சுரங்கத்தின் கீழிருந்து மேலெழ முயலும் ஊற்றுநீரை இடையறாது இறைத்தாலன்றி அக்கரியை எடுத்தல் முடியாதென்பதையும் சேர்த்து, இடையறாச் சாதனத்துக்கு உவமை காட்டலாம். பின்னர்ப் பிள்ளைகளையே நோக்கி, இவ்வுவமை எங்கே நின்றுவிடுகின்றது என்று வினவவேண்டும். கரி எரிந்தால் சாம்பராம். ஆன்மாவோ விளங்கியபின் அழிவதில்லை என்று ஒரு பிள்ளை கூறிவிடின், அன்றைய பாடம் நிரம்பிற்று.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். பாதிரிமார் சைவக்கிரியைகளை இகழ்ந்து எழுதியும் பேசியும் வந்தமைக்கு விடையாக 1854ஆம் ஆண்டிலே சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. அவர்கள் போற்றும் வேதத்தின் பழைய ஏற்பாட்டிலும் பலியும் தூபதீபமும் தூய்மைவிதிகளும் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டியதே அந்நூலின் வன்மை. தம் நூலிலுள்ளதைக் குறிப்பாகவும் பிறர் நூலிலுள்ளதைச் சொற்படியாகவும் கொள்ளும் ஓரவஞ்சனையை அது வெளிப்படுத்திற்று. அந்நியாயத்தை உணர்தற்கும் உவமைநெறி தெரிந்த அறிவே வேண்டும்.

1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்து வித்தியாசாலை எழுந்தது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் தில்லையில் வந்து பள்ளி நிறுவுதலை அக்காலத்து வியப்பாகவே கண்டனர். பொருளீட்டும் விருப்பமின்றி, இல்லறமும் கொள்ளாது, நைட்டிகப் பிரமசாரியாயிருந்து, பிரசங்கத்தாலும் பதிப்பாலும் கிடைத்ததனைப் பள்ளிக்கே செலவிட்டார்கள். அவ்வாண்டுகளிலே வடலூர்ப் பக்கத்தில் இராமலிங்க அடிகளார் அருட்பாக்களைப் பாடியும், 1867ஆம் ஆண்டிலே தருமசாலை நிறுவியும் வாழ்ந்தார். இருவர்க்குமிடையே எழுந்த அருட்பா வழக்கு 1869ஆம் ஆண்டிலே மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றதை அன்பர்கள் அறிவர். எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது வேண்டுவதன்மையின் விரிக்கின்றிலேம். ஒன்று மாத்திரம் குறிப்போம்: வடலூரிலே அடுப்பு அணையாது பசித்தோர்க்கு உணவளிக்கப்பட்டது போலவே, 1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலே பஞ்சம் நேர்ந்தபோது நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் உயிர் காத்தார்கள். வழக்கிட்ட இருவரும் அடுப்பின் முன்னே ஒருவரேயாயினர்.

யாழ்ப்பாணம் மீண்டபின் 1872ஆம் ஆண்டிலே சைவப்பிள்ளைகள் ஆங்கிலமும் கற்றற்பொருட்டுச் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அது பொருண்முட்டால் நான்கு ஆண்டுகளுக்குமேல் நடைபெறவில்லை. அவ்விளைப்பு அவர்கள் உள்ளத்தை வருத்தியிருக்கும். ஆயினும் எழுதுதலையும் பிரசங்கித்தலையும் விட்டார்களில்லை. 1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளில், வண்ணார்பண்ணையிலே செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி, ஐம்பத்தேழாம் வயது நிரம்புதற்குச் சில நாள் இருக்க, இறைவன் திருவடி சேர்ந்தார்கள்.

சிதம்பரத்திலே அவர்கள் தாபித்த வித்தியாசாலை இன்றும் அவர்கள் பெயர் தாங்கிய மேனிலைப்பள்ளியாக நடைபெற்று வருகின்றது. நெய்வேலி நகரியத்து ஆசிரியர்கள் தம் மாணாக்கரை நடராசப்பெருமான் தரிசனத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அப்பள்ளியின் வாயிலிலும் சிறிது நேரம் நின்று வருவார்களாயின் நன்று.